கடைசிப் பறி

முதல் லோடு தக்காளி இறக்கின அன்றைக்குத் திட்டுதான் வாங்கினோம்.

2020 ஏப்ரல், ஊரடங்கு நேரம். விலை இல்லாமல் காட்டில் கிடக்கிற காயைச் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுகிற இடங்களுக்குச் சும்மா கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நாங்கள் சில பேர் கிளம்பியிருந்தோம். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காட்டிலிருந்து குட்டி யானை வண்டி நிறையச் சாக்குச் சாக்காகக் கட்டி, மத்தியானம் இரண்டு மணி வெயிலில் திண்டுக்கல் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். பின்கதவைத் திறந்ததும் சாறு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. அடிச்சாக்கு மூன்றும் கூழ். சமையல்கார அக்கா வந்து ஒரு சாக்கின் வாயை அவிழ்த்தார், உள்ளே கையை விட்டுத் துழாவினார், முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"எத்தன கிலோ தம்பி?"

"அறுநூறு இருக்கும்க்கா."

"இங்க மொத்தம் எண்பது பேரு. சாம்பாரு, ரசம் எல்லாத்துக்கும் சேத்து ஒரு நாளைக்கு ஏழு கிலோ போடுவேன். மிச்சத்த நாளன்னிக்கு யாரு அள்ளிக் கொட்டுறது? நீங்க வருவீங்களா?"

பதில் இல்லை. நல்லதாகப் பார்த்து முப்பது கிலோ எடுத்துக்கொண்டார். மீதியை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை தெருத்தெருவாகச் சுற்றினோம். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மாட்டுப் பட்டியில் கொட்டிவிட்டு வந்தோம். காட்டிலேயே கிடந்திருந்தால் அது மண்ணுக்காவது உரமாகியிருக்கும். டீசல் போட்டு ஐம்பது கிலோமீட்டர் சுற்றி மாட்டுக்குக் கொடுத்ததுதான் எங்கள் முதல் சேவை.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். தண்ணீர் மோட்டார் புகைந்தால் காட்டுக்காரர்கள் என் கடைக்குத்தான் தூக்கி வருவார்கள். அதனால் எந்தக் காட்டில் என்ன வெள்ளாமை, யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் கேட்காமலே காதில் விழும். அந்த ஏப்ரலில் ஒரு தோட்டத்தில் மோட்டார் மாட்டப் போனபோது, இரண்டு ஏக்கர் தக்காளி செக்கச் செவேலென்று பழுத்துச் செடியிலேயே வெடித்துக் கிடந்தது. கேரளாவுக்குப் போகிற லாரிகள் சரியாக ஓடவில்லை. அதே வாரம் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்களில் வேலை பார்த்த வடக்கத்திப் பையன்கள் சோற்றுக்கு அலைகிறார்கள் என்று நண்பன் ஒருவன் சொன்னான். இந்தக் காட்டையும் அந்த வயிற்றையும் ஒரு வண்டி வைத்து இணைத்துவிடலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றாத ஆளே இருக்க மாட்டான். சிக்கல் எல்லாம் அந்த வண்டிக்கு முன்னாலும் பின்னாலும்தான்.

பின்னாலுள்ள சிக்கலை அக்கா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து காட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் சமையற்கட்டுகளுக்குப் போன் போடுவதுதான் முதல் வேலை. என் கடை நோட்டின் கடைசிப் பக்கங்களில் இப்போது பதினொரு சமையற்கட்டுகளின் கணக்கு இருக்கிறது. எத்தனை பேர், எந்தக் காய் ஆகும், எது ஆகாது, நிழலான இடம் இருக்கிறதா, எந்தக் கிழமை வேண்டாம். தக்காளி என்றால் ஆளுக்கு நூறு கிராமுக்கு மேல் ஒரு நாளைக்கு ஓடாது. மூன்று நாளைக்கு மேல் கொடுத்தால் கெடும். எண்பது பேர் இருக்கிற இல்லத்துக்கு 24 கிலோ, அவ்வளவுதான். கிழமையைக் கேட்பது ஏன் என்றால், அமாவாசை அன்றைக்கும் யாருக்காவது பிறந்தநாள், திதி வருகிற அன்றைக்கும் வெளியிலிருந்து சாப்பாடு வந்துவிடும், உலை வைக்க மாட்டார்கள். இது தெரியாமல் ஓர் ஆடி அமாவாசைக்குக் கத்தரிக்காயோடு போய் அசடு வழிந்திருக்கிறோம்.

மில் பையன்கள் விஷயம் வேறு மாதிரி. தக்காளியைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் சந்தோஷமாகத்தான் வாங்கினார்கள். பிறகு ஒரு பையன் கையைக் காலை ஆட்டி, சமைக்கக் கேஸ் இல்லை என்று காட்டினான். தக்காளியைப் பச்சையாகக் கடித்துக்கொண்டு ஒருவன் வயிறு நிறையுமா? அரிசியும் அடுப்பும் இருக்கிற இடத்தில்தான் காய்க்கு மதிப்பு. ஆகவே தனி ஆளுக்குக் காய் கொடுப்பதை விட்டுவிட்டோம். பத்துப் பேருக்காவது சேர்த்துச் சமைக்கிற ஓர் அடுப்பு இருந்தால் மட்டும் போகிறோம். அன்னதானம் செய்கிற சன்மார்க்க சங்கத்துக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "வள்ளலாரு என்ன காய்கறிச் சந்தையா வச்சாரு? அடுப்பத்தானே மூட்டுனாரு" என்றார். 1867-ல் வடலூரில் மூட்டின அந்த அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது என்பதை அவர் சொல்லாமல் ஒரு பேச்சை முடித்ததில்லை.

வண்டிக்கு முன்னாலுள்ள சிக்கலுக்கு வருகிறேன். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.

எங்கள் பக்கம் தக்காளிக்குப் பெட்டிக் கணக்கு, பெட்டி 14 கிலோ. பறிகூலி பெட்டிக்கு இருபது ரூபாய் விழும். வண்டி வாடகை பதினைந்து, ஏற்று இறக்கு நாலு, மண்டி கமிஷன் நூற்றுக்குப் பத்து. பெட்டி 60 ரூபாய்க்குப் போனால் காட்டுக்காரர் கையில் பதினைந்து நிற்கும். நாற்று, உரம், மருந்து, குச்சி கட்டின செலவு எல்லாம் அதில்தான். 40 ரூபாய்க்கு இறங்கினால் பறித்து அனுப்புகிற ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று ரூபாய் கைநஷ்டம். அதனால்தான் பறிக்காமல் விடுகிறார்கள். ரோட்டில் கொட்டுகிற படம் டிவியில் வரும்போது "இப்படி வீணாக்குறாங்களே" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம்.

நாங்கள் அடுத்தடுத்த தடவைகளில் கல்லூரிப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போனோம். ஆர்வம் இருந்தது, பழக்கம் இல்லை. காம்போடு சேர்த்துக் கிளையை முறித்தார்கள். இன்னும் பதினைந்து நாள் காய்க்க வேண்டிய கத்தரிச் செடியைப் பிடுங்கியே விட்டான் ஒருவன். சொட்டுநீர் டியூப்பை மிதித்து மூன்று இடத்தில் ஜாயிண்ட் கழன்றது. அதை நானே வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். இதெல்லாம் கூடப் பெரிதில்லை. வரப்பில் நாலைந்து பெண்கள் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக அந்தக் காட்டில் பறிக்கிறவர்கள். தண்ணீர் குடிக்கப் போனபோது ஒருவர் சொன்னார்:

"வெல இல்லேன்னு எங்கள வர வேணாம்னுட்டாரு. பத்து நாளா வேல இல்ல. நீங்க காசு வாங்காம பறிச்சுட்டுப் போறீங்க. யாருக்கோ சோறு போடவாம்ல?"

அந்த "யாருக்கோ" என்ற சொல் இன்னும் குத்துகிறது. விலை விழுந்தால் காட்டுக்காரர் அழுவது ஊருக்கே கேட்கும். பறிக்கிற வீட்டில் உலை வைக்காதது யாருக்கும் கேட்காது. பசித்தவர்களைத் தேடி ஐம்பது கிலோமீட்டர் போன நாங்கள் வரப்பில் நின்றவர்களைத் தாண்டித்தான் போயிருக்கிறோம்.

அதற்கப்புறம் ஏற்பாட்டை மாற்றினோம். பறிப்பது அந்த அக்காக்கள்தான். காலை ஆறு மணிக்கு இறங்கினால் பதினொரு மணிக்குள் முடிந்துவிடும். ஆளுக்கு 200 ரூபாய், போகும்போது வீட்டுக்கு வேண்டிய காய். பையன்கள் பெட்டி தூக்குவதற்கும் வண்டி ஏற்றுவதற்கும் மட்டும். ஆறு பேருக்கு 1,200, வண்டிக்கு 1,200, ஆக 2,400 ரூபாயில் 600 கிலோ வரும். கிலோ நாலு ரூபாய். நன்கொடை தருகிறேன் என்று வருகிறவர்களிடம் அரிசி மூட்டை கேட்பதில்லை, ஒரு நாள் பறிகூலி கொடுங்கள் என்கிறேன். சிலருக்கு முகம் சுருங்கும். கூலி கொடுப்பது அவர்களுக்குத் தானமாகத் தெரிவதில்லை.

இங்கே ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். பெட்டி 40 ரூபாய் விற்கிற நாளில் மண்டியிலேயே வாங்கினால் கிலோ மூன்று ரூபாய்க்கும் குறைவு. வண்டிச் செலவைச் சேர்த்தாலும் ஐந்தைத் தொடாது. அதாவது காட்டில் இறங்கிப் பொறுக்கி வருவதற்கும் மண்டியில் வாங்குவதற்கும் வித்தியாசம் ஒரு ரூபாய்கூட இல்லை. தக்காளியைப் பொறுத்தவரை நாங்கள் மிச்சம் பிடிக்கவில்லை, அந்தப் பணம் மண்டிக்குப் போகாமல் பறிக்கிறவர் மடிக்குப் போகிறது, அவ்வளவுதான். உண்மையான ஆதாயம் வேறு காய்களில் இருக்கிறது. கத்தரி, வெண்டை, அவரையின் கடைசிப் பறி, வியாபாரி கழித்த பொடிக்காய், கோணல் முள்ளங்கி, சின்னத் தலை முட்டைக்கோஸ். விலை நன்றாக இருக்கிற நாளிலும் இவை காட்டில் கிடக்கும். தக்காளிக் குவியல்தான் கண்ணில் அறையும், படத்துக்கும் நன்றாக இருக்கும். ஆனால் சமையற்கட்டுகளுக்கு ஆகிறது இந்தக் கடைசிப் பறிதான்.

அக்காக்களிடம் கற்றது நிறைய. நன்றாகப் பழுத்ததைப் பறிக்க எங்கள் கை தானாகப் போகும். அவர்கள் செங்காயை எடுக்கச் சொல்வார்கள், அடிப்பக்கம் லேசாகச் சிவப்பு ஏறினது. அது இரண்டு மூன்று நாளில் பதமாகப் பழுக்கும், சமையற்கட்டில் நிற்கும். முழுப்பழம் அன்றைக்கே ஆக வேண்டிய இடத்துக்கு மட்டும். பனி இறங்கின நாளில் மட்டும் ஆறு மணிக்கே தொடங்காமல் இலை காய்கிற வரை பொறுக்க வேண்டும், ஈரத்தோடு பெட்டிக்குள் போனால் ராத்திரிக்குள் பூஞ்சணம். ஊசி குத்தினது போலத் துளை இருந்தால் உள்ளே புழு. அந்தக் காயைக் காட்டிலேயே போட்டுவிட வேண்டும். தரம் பிரிப்பது எல்லாம் வரப்பிலேயே முடிய வேண்டும். சமையற்கட்டில் போய்ப் பிரித்தால் அழுகலை அள்ளுகிற வேலையை அங்கிருக்கும் அக்கா தலையில் கட்டுகிறோம் என்று அர்த்தம். சாக்கு கூடவே கூடாது. மண்டிக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் பெட்டிகளை இரவல் தருகிறார், ஒன்று தொலைந்தாலும் கேட்பார், நியாயம்தானே.

மருந்து எப்போது அடித்தீர்கள் என்று கேட்காமல் ஒரு காயைத் தொடுவதில்லை. கேட்கிற விதமும் முக்கியம். "மருந்து அடிச்ச காயா?" என்றால் கோபம் வரும். "கடைசியா எப்பங்க அடிச்சீங்க, டப்பா இருக்குங்களா?" என்றால் எடுத்துக் காட்டுவார்கள். எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்பது டப்பாவிலேயே போட்டிருக்கும். விலை விழுந்த காட்டில் பொதுவாக மருந்தை முன்னாடியே நிறுத்தியிருப்பார்கள், காசு போட மனசு வராது. ஆனாலும் ஒரு தரம் காலிஃபிளவர்க் காட்டில் நேற்றுத்தான் அடித்தேன் என்றார் ஒருவர். திரும்பி வந்துவிட்டோம். வண்டி வாடகை போனது போனதுதான்.

போட்டோ எடுப்பதையும் நிறுத்தினோம். முதலில் நல்ல எண்ணத்தில்தான் ஒரு பையன் காட்டுக்காரரை நிற்க வைத்துப் படம் எடுத்து வாட்சப்பில் போட்டான். மறுநாள் அவர் என் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"சும்மா குடுக்குறான்னு போட்டுட்டீங்க. பக்கத்துக் காட்டுக்காரன் காய மண்டில எறக்குனா, ஏவாரி அந்தப் படத்தக் காட்டுறான். சும்மா கெடைக்கிற காய்க்கு எதுக்கு அறுபது ரூவான்னு கேக்குறான். அவன் என்னைய வையிறான்."

அவர் மோட்டார் அடுத்த முறை புகைந்தபோது வேறு கடைக்குத்தான் போனது.

காட்டில் மிச்சமாகக் கிடப்பதெல்லாம் யாருக்கும் சொந்தமில்லாதது என்று நினைத்தது இன்னொரு தப்பு. பறி முடிந்த காட்டில் செம்மறி ஆட்டுக்காரர் கிடை போட வருவார். ஆட்டுக்குத் தீனி, காட்டுக்கு எரு, இரண்டு பேருக்கும் பேச்சு முன்னமே முடிந்திருக்கும். நாங்கள் போய் வழித்து எடுத்துவிட்டால் அவருடைய மந்தைக்கு என்ன இருக்கும்? மார்க்கெட்டில் ஏலம் முடிந்த பிறகு கீழே சிந்தின காயைப் பொறுக்கிக் கூறு கட்டி விற்றுப் பிழைக்கிற பாட்டிகள் இருக்கிறார்கள். அந்தக் காயை நாங்கள் தொடுவதில்லை. ஆயுதபூஜைக்கு மறுநாள் மட்டும் மார்க்கெட்டுக்குப் போவோம். திருஷ்டிக்கு வந்து விற்காமல் போன வெண்பூசணி குவிந்து கிடக்கும், வியாபாரிகளே எடுத்துப் போகச் சொல்வார்கள். பூசணியைப் போல ஒரு காய் கிடையாது. கூட்டு, மோர்க்குழம்பு, சாம்பார் எதற்கும் ஆகும். பல் போன பெரியவர்களும் சாப்பிடுவார்கள். கீறல் இல்லாமல் நிழலில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். முருங்கைக்காய் எங்கள் ஊர்ப் பெருமை, ஆனால் முதியோர் இல்லத்தில் அதன் சக்கையோடு மல்லுக்கட்ட முடியாது. பள்ளி விடுதிக்குக் கொடுங்கள்.

மிச்சம் பொறுக்குவது எனக்குப் புதிதும் இல்லை. என் அப்பத்தா கடலை பிடுங்கின காட்டில் தப்புக்கடலை பொறுக்கியே ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். பிடுங்கும்போது அறுந்து மண்ணுக்குள் நின்றுவிடுகிற கடலை அது. ஒரு மழை பெய்து மண் இளகினதும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள், நானும் பின்னாலேயே ஓடுவேன். நகக்கண்ணில் செம்மண் ஏறி எரியும். சில காட்டுக்காரர் பாதியைக் கேட்பார், சிலர் பார்த்தும் பார்க்காதது போல வரப்பில் நடந்து போவார். அப்படிப் போகிறவரை அப்பத்தா "மவராசன்" என்பாள். திண்டுக்கல்லில் ஓர் இல்லத்தைக் கவனிக்கிற சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் பைபிளில் வருகிற ரூத் கதையைச் சொன்னார்: விதவையாக மாமியாரோடு வந்த பெண், போவாசின் வயலில் கதிர் பொறுக்கிப் பிழைத்தவள். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்று லேவியராகமத்தில் இருக்கிறதாம். மிச்சத்தை எடுக்கிறவர் குனிந்து தானே எடுத்துக்கொள்கிறார், யாரிடமும் கை நீட்டவில்லை. எங்கள் வண்டி வேலையில் அந்த ஒன்று இல்லை என்பது எனக்குத் தெரியும். நடக்க முடியாத எண்பது பேரைக் காட்டுக்குக் கூட்டிப்போக முடியாது, வேறு வழியில்லை.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியது நினைவிருக்கும். சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். எங்களுக்கு ஒரு பழம் கிடைக்கவில்லை. அதுவும் நல்லதுதான், காட்டுக்காரர் நாலு காசு பார்க்கட்டும் என்று சும்மா இருந்தோம். இல்லங்களில் புளி ரசம்தான் ஓடியது. அப்போது ஒரு நாற்றுப் பண்ணைக்காரர் மோட்டார் கொண்டுவந்தார். குழித்தட்டு நாற்று ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாம் தக்காளிக்கே போகிறது என்றார். நட்டு அறுபத்தைந்து எழுபது நாளில் பறிக்கு வரும். காலண்டரில் எண்ணிச் செப்டம்பர் நடுவில் ஒரு வட்டம் போட்டேன். சமையற்கட்டுகளுக்கு முன்கூட்டியே சொல்லி, பெட்டிக்கும் சொல்லி வைத்தேன். செப்டம்பரில் விலை சரிந்தது. அந்த வட்டத்தைப் போட்டபோது இருந்த பெருமை, விலை சரிந்த அன்று இல்லை. அந்த நாற்றை வாங்கி நட்டவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். நடாதீங்க என்று நான் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உபரியைத் தொக்காக்கி வைக்கலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். செய்து பார்த்தோம். ஐம்பது கிலோவைக் கிண்டிக் கிண்டிக் கை கொப்பளித்ததுதான் மிச்சம். கேஸ், எண்ணெய்ச் செலவுக்குப் புதுக் காயே வாங்கியிருக்கலாம். சமைத்த பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்பு விதிகளும் கூடவே வரும். உபரி உணவைச் சேகரித்துப் பகிர்வதற்கென்றே 2019-ல் தனி ஒழுங்குமுறை போட்டிருக்கிறார்கள். கத்தரி, கொத்தவரை வற்றல் மட்டும் வெயில் காலத்தில் அக்காக்கள் போட்டுத் தருகிறார்கள், அதற்குக் கூலி தனி.

இப்போது மாதத்துக்கு மூன்று நாலு தடவை போகிறோம், அதற்கு மேல் கடையைப் பூட்ட முடியாது. போன வாரம் போன் வந்தது. நம்பரைப் பார்த்ததும் தயங்கித்தான் எடுத்தேன். போட்டோவுக்காக என்னோடு பேசாமல் இருந்த அதே காட்டுக்காரர்.

"அவரைக் காடு, நாளைக்கு வியாழக்கிழம மண்டிக்குக் கடைசிப் பறி எடுக்குறேன். அதுக்கப்புறம் கெடக்குறத எடுத்துக்கங்க. ஆட்டுக்காரரு சனிக்கெழம கிடை போட வர்றாரு, வெள்ளிக்குள்ள முடிச்சுருங்க. பறிக்க நம்ம பொம்பளைங்களே வரட்டும், நான் சொல்லிட்டேன்."

"சரிங்கண்ணே."

"டியூப்ப மிதிக்கிறவன வண்டியிலயே உக்கார வச்சுருங்க."